லயக் காம்பராவில் ஒரு படுக்கை

(முதியோர் பராமரிப்புப் பற்றித் தெமோதரையில் தோட்ட மக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதியோர் இல்லங்களில் புண் பராமரிப்பும் தொற்றுத் தடுப்பும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இங்கிருந்து எல்ல பக்கம் போனாலும் சரி, உடுவரை, ஹாலிஎல தாண்டிப் பதுளைக்குப் போனாலும் சரி, ரயில் பாதையின் இரண்டு பக்கமும் நாம் பார்ப்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களைத்தான். நம் அப்பாயியும் தாத்தாவும் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், சுவரோரமாகப் போட்ட கட்டிலில், தும்பு மெத்தையில். ஆகவே லயக் காம்பராவையே முதியோர் இல்லமாக வைத்துப் பேசப் போகிறேன். பதுளையிலும் பண்டாரவளையிலும் முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உரியது நடுவில் வரும்.

இந்த நாடு வேகமாக வயதாகிக்கொண்டு போகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயது கடந்தவர்கள். தோட்டத்தில் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு. பிள்ளைகள் கொழும்புக் கடைக்கும் கார்மென்ட்ஸுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள். லயத்தில் மிஞ்சுவது படுத்த படுக்கையாக ஒரு முதியவர், அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு மகள் அல்லது மருமகள். அந்த மருமகளும் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேண்டும்.

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்கிறேன். பலர் அதைக் கெட்ட இரத்தம் என்கிறார்கள், சூடு என்கிறார்கள், சாகப்போகிற உடம்பின் அடையாளம் என்றும் சொல்கிறார்கள். மூன்றும் தவறு. தோலுக்குள் மயிரைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் அவை நசுங்கினால் அந்த இடத்துச் சதைக்கு இரத்தம் போகாது. நமக்கெல்லாம் படுத்த இடம் கடுத்தால் தூக்கத்தில்கூடப் புரண்டுகொள்கிறோம். பாரிசவாதம் வந்தவரால் அது முடியாது. இடுப்பு எலும்பு முறிந்து கிடப்பவராலும், புத்தி தடுமாறியவராலும் முடியாது. இரண்டு மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் சதை சாகத் தொடங்கலாம். அதுவும் எப்போதும் மேலிருந்து கீழே சாவதில்லை. பல சமயம் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்கி மேலே வருகிறது. தோலில் ஐம்பது சத அளவுக்கு ஒரு வாய் திறக்கும்போது உள்ளே கை நுழையும் அளவுக்குப் பள்ளம் இருக்கக்கூடும்.

எங்கே பார்க்க வேண்டும்? முதுகின் அடியில் பிட்டங்களுக்கு மேலே உள்ள எலும்பு, இரண்டு இடுப்பு முனைகள், குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை. ஒருக்களித்தே படுக்கிறவர் என்றால் காது மடலும். இவற்றில் அதிகம் தவறவிடப்படுவது குதிகால். போர்வைக்குள்ளே இருக்கிறதே, யார் பார்ப்பார்கள்?

தாதியர் பாடப் புத்தகங்களில் முதல் அடையாளமாக எழுதியிருப்பது சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அதுதான் முதல் கட்டம் என்று படித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் புத்தகங்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. நாற்பது வருடம் வெயிலில் கொழுந்தெடுத்த நம் அப்பாயியின் தோலில் சிவப்புத் தெரியாது. அதற்காகக் காத்திருந்தால் தெரியப் போவது கறுப்புத்தான், அப்போது காலம் கடந்திருக்கும். நம் தோலில் கண்ணைவிடக் கை நல்ல கருவி. புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, இறுகியோ பிசுபிசுவென்று நெகிழ்ந்தோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா, கரும் ஊதா நிறம் தட்டுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் கூடாது. தேய்த்தால் இரத்தம் ஓடும் என்று நினைத்து அன்போடுதான் தேய்க்கிறார்கள். உள்ளே நைந்துபோன சதை அதனால் இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை விட்ட இரப்பர் வளையமும் வேண்டாம், அது ஓட்டையைச் சுற்றி இரத்தத்தை நெரிக்கும்.

அழுத்தம் என்ற இந்த ஒன்றைத் தமிழ் மண்ணில் தெளிவாகப் புரிந்துகொண்ட மருத்துவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர், வெள்ளைக்கார மிஷனரிகளின் பிள்ளை. இங்கிலாந்தில் படித்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்தார். அப்போது தொழுநோயாளியின் கைவிரலும் கால்விரலும் அந்த நோயால்தான் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பியது. பிராண்ட் ஒவ்வொரு புண்ணாகத் துருவிப் போனார். ஒருவர் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியிருக்கிறார். இன்னொருவர் செருப்புக்குள் ஆணி இருப்பதே தெரியாமல் நாள் முழுக்க நடந்திருக்கிறார். சிலருக்கு மட்டும் இரவில் விரல் துண்டு காணாமல் போயிற்று. காவல் இருந்து பார்த்தால், தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. வலி தெரியாததால் அவர் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து வீட்டுக்குப் போகிற நோயாளிகளோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்களாம்.

அவர் கண்டது சுருக்கமாக இதுதான்: நோய் வலியைக் கொல்கிறது, வலி செத்த இடத்தில் அன்றாட அழுத்தமும் காயமும் புண்ணைச் செய்கின்றன. பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பினார்கள், புண் ஆறியது. மென்மையான இரப்பரில் செருப்புச் செய்து கொடுத்தார்கள், ஆறிய புண் திரும்பி வருவது குறைந்தது. இன்று உலகம் முழுக்க நீரிழிவுப் பாதப் புண்ணுக்குச் செய்யும் வைத்தியத்துக்கு இந்த அனுபவம் ஓர் அடித்தளம். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. தோட்டத்தில் சீனி வருத்தக்காரர் எத்தனை பேர் வெறுங்காலோடு மலைக்குப் போகிறார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அட்டை கடித்த வாயும் கவ்வாத்துக் கத்தி பட்ட கீறலும் அவர்களுக்குச் சிறு காயம் அல்ல. லயத்தில் எலியும் இருக்கிறது.

இனி உண்டான புண்ணை எப்படிப் பார்ப்பது? நம் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். டெட்டோல் ஊற்றுவது, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் அப்புவது, அடுப்புச் சாம்பல் வைப்பது, பார்மசியில் வாங்கிய அன்டிபயடிக் காப்சியூலை உடைத்துத் தூளைத் தூவுவது, பிறகு காற்றுப்படட்டும் என்று திறந்து போடுவது. டெட்டோல் கிருமியைக் கொல்லும், சரி. புதிதாக முளைத்து வரும் இளஞ்சதையையும் சேர்த்துத்தான் கொல்லும். காப்சியூல் தூள் கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிறது, நாளைக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் அதே மருந்தை ஊசியாகப் போட்டாலும் கேட்காமல் போகலாம். காற்றுப்பட விடுவது பற்றி ஜோர்ஜ் வின்டர் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் 1962இல் பன்றிகளை வைத்துச் சோதித்தார். மூடி ஈரப்பதமாக வைத்த காயம், திறந்து காயவிட்ட காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடியது. பொருக்குக் கட்டினால் ஆறுகிறது என்று நாம் நினைக்கிறோம். புதுத்தோலோ அந்தப் பொருக்குக்கு அடியில் வழி தேடித் தவழ வேண்டியிருக்கிறது.

கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் போதும். பீலியில் வழிகிற ஊற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஒரு லீட்டருக்கு ஒன்பது கிராம், அதாவது தட்டையாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, மூடி ஆறவிடுங்கள். அன்றன்றைக்குச் செய்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். குடிக்கத் தகுந்த சுத்தமான குழாய்த் தண்ணீரே இந்த வேலைக்குப் போதும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் பீலி அப்படிப்பட்டதா என்பது மலைக்கு மலை வேறுபடும், கொதிக்கவைப்பதே நல்லது. பஞ்சு வைத்துச் சுரண்ட வேண்டாம். தண்ணீரைச் சாய்த்து ஊற்றிக் கழுவி, சுற்றுத் தோலை ஒற்றி, மேலே என்ன கட்டுவது என்பதை மருந்து கட்டுகிற தாதியிடம் கேட்டுச் செய்யுங்கள். கறுத்துச் செத்த சதை இருந்தால் வீட்டில் வெட்டவோ பிடுங்கவோ கூடாது.

ஊவா மாகாணத்தில் நமக்கு இன்னொரு தொல்லை. மழைக்காலத்தில் துணி காயாது. மூத்திரத்தில் நனைந்த சீலைத் துண்டுக்கு மாற்று இல்லாமல் ஈரத்தையே மறுபடி விரிக்கிறோம், ஊறிய தோல் பிய்கிறது. ஆடி ஆவணியில் காய்ந்த காற்று வீசும்போது தேயிலைக்கு நல்ல வாசம் வருகிறது, உலகமே ஊவாத் தேயிலை என்று தேடி வாங்குகிறது. அதே மாதங்களில் பீலி மெலிந்து கை கழுவவே தண்ணீருக்கு வரிசை. படுத்திருப்பவருக்கு ஆறு புதுத் துணித் துண்டும் மூடிபோட்ட ஒரு தண்ணீர் வாளியும் தனியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. புண்ணிலிருந்து வடிகிற நீரோடு உடம்பின் புரதமும் வடிகிறது. அதை ரொட்டியும் சாயத் தேத்தண்ணீரும் ஈடு செய்யாது. ஒரு முட்டை, கெட்டியாகப் பருப்பு, நெத்தலி, சோயா, இவற்றில் ஏதாவது தினமும் வேண்டும். தேத்தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் முழுதாகச் சேரவிடாது.

இப்போது இல்லங்களில் வேலை செய்கிற தங்கைமாருக்கு. இருபது கட்டிலுக்கு இரண்டு பேர் என்று இருக்கும்போது கை வேகமாக ஓடும், அந்த வேகத்தில்தான் தொற்று ஏறிக்கொள்கிறது. ஒரே பேசினும் ஒரே துவாயும் கட்டில் கட்டிலாகப் போவதை நிறுத்துங்கள். ஆளுக்கொரு பேசின், ஆளுக்கொரு துணி. கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே கையுறையோடு ஐந்து பேரைத் துடைத்தால் கையுறை காப்பாற்றுவது உங்களை மட்டும், அந்த ஐந்து பேரையும் அல்ல. ஆளைத் தொடுமுன், புண்ணையோ குழாயையோ தொடுமுன், சளி சீழ் மூத்திரம் பட்ட பின், ஆளைத் தொட்ட பின், அவர் கட்டிலையும் மேசையையும் தொட்ட பின் என்று ஐந்து வேளைகளில் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்து கட்டும்போது சுத்தமான புண்ணில் தொடங்கிச் சீழ் பிடித்த புண்ணைக் கடைசியாகப் பாருங்கள். மூத்திரப் பையை நிலத்தில் போடாதீர்கள், வயிற்று மட்டத்துக்கு மேலே தூக்கவும் வேண்டாம். ஒருவருக்குச் சொறி என்று தெரிந்தால் அவருக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. கூட இருப்பவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே நாளில் பூச வேண்டும்.

வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் 1847இல் மாணவர்களைக் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவவைத்தார். பிரசவ வார்ட்டில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு சில மாதங்களில் இரண்டளவுக்கு இறங்கியது. கூட இருந்த பெரிய வைத்தியர்கள் அவரை ஏற்கவில்லை. கைச்சுத்தம் படித்தவர்களுக்கும் எளிதில் வந்துவிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2020இல் கொவிட் வந்தபோது கனடா போன்ற பணக்கார நாட்டிலேயே முதல் அலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேரளவில் முதியோர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள். பணத்துக்கு அங்கே குறைவில்லை. ஆள் குறைவு, ஒரே பணியாளர் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை செய்தது, நெருக்கமான அறைகள் என்று காரணங்களைச் சொன்னார்கள்.

புண்ணில் தொற்று ஏறிவிட்டதை எப்படி அறிவது? நாற்றம், சீழ், சுற்றிலும் பரவும் வீக்கம், கூடும் வலி ஆகியவை தெரிந்தவையே. வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே தொற்று முற்றிவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. நேற்றுவரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் இன்றைக்கு உளறுகிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார், சும்மா தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கொண்டுபோவதில் ஒரு தடை இருக்கிறது, வெட்கம். புண்ணில் புழு வைத்த தாயைத் துணியால் மூடி வைத்துக்கொண்டு, வருகிற சொந்தக்காரரைக் காம்பராவுக்குள் விடாமல் வாசலிலேயே தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிய குடும்பங்களை நான் தாதியாக இருந்த காலத்தில் கண்டிருக்கிறேன். ஈ முட்டையிட்டால் புழு வரும். ஈ எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனாலும் ஊர் மருமகளைத்தான் பேசும், ஆஸ்பத்திரியிலும் சில சமயம் முதல் வார்த்தை ஏச்சாகத்தான் விழுகிறது. ஏச்சு வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

புளோரன்ஸ் நைட்டிங்கேலைத் தாதியர் தொழிலின் தாய் என்கிறோம். படுக்கைப் புண் வந்தால் குற்றம் பெரும்பாலும் நோயிடம் இல்லை, பராமரிப்பிடம்தான் என்பது அவருடைய கருத்து. பயிற்சிக் காலத்தில் இதை எங்களுக்கு மனப்பாடமாக்கினார்கள். இராப் பகல் தாதி இருக்கிற வார்ட்டுக்கு அது நியாயம். லயத்துக்கு அந்த நியாயத்தை அப்படியே கொண்டு வந்தால் ஓர் ஏழைப் பெண்ணைக் கூண்டில் ஏற்றுவதாக ஆகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. காலையில் மலைக்கு ஏறிச் சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண், நடுப்பகல் முழுவதும் எப்படித் திருப்புவாள்? வீட்டில் நின்றால் நாட்சம்பளம் போய்விடும். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதை இழந்தால் முட்டையும் இல்லை, பருப்பும் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். கைவிடாமல் இருக்க நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று அது சொல்லவில்லை.

நேரத்தைப் பற்றி முதியோர் இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வு நமக்கு உதவும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 இல்லங்களில் 942 முதியோரை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்டார்கள். புண் வரக்கூடிய நிலையில் இருந்தும் இன்னும் வராதவர்களை நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுக்க வைத்து, சிலரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சிலரை மூன்று மணி நேரத்துக்கும் சிலரை நான்கு மணி நேரத்துக்கும் ஒருமுறை திருப்பினார்கள். புண் வந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. மெத்தை நல்லதாக இருந்தால் நான்கு மணி நேரம் கிடைக்கும் என்பது இதன் பொருள். ஏற்கெனவே புண் வந்தவருக்கு இந்தக் கணக்கு ஆகாது, அந்தப் புண்மேல் அவரைப் படுக்க வைக்கவே கூடாது. தும்பு மெத்தைக்கும் ஆகாது.

ஃபோம் மெத்தை கிடைத்தது என்று வைத்துக்கொண்டு நம்முடைய ஒரு நாளைப் பாருங்கள். காலை ஆறுக்கு மருமகள் திருப்பிவிட்டுப் போகிறாள். அடுத்தது பத்து மணி, அதற்கடுத்தது இரண்டு மணி. ஆறு மணிக்கு அவள் வந்துவிடுவாள். ஆக, நம்மிடம் இல்லாதது பகலில் இரண்டு வேளைக்கு வருகிற ஓர் ஆள். ஓர் ஆளால் பெரியவரைத் தூக்க முடியாது, இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். பழைய நூல் சீலையை நாலாக மடித்து அவருக்கு அடியில் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இழுக்காமல் தூக்கி மாற்ற வேண்டும். இழுத்தால் தோல் உரியும். முதுகுப்புறம் தலையணை செருகிப் பாதி ஒருக்களித்த மாதிரி வைத்து, கெண்டைக்கால் அடியில் சுருட்டிய போர்வையைக் கொடுத்தால் குதிகால் மெத்தையில் படாமல் தொங்கும். துணி மாற்றி, தண்ணீர் குடிக்கவைத்து, புறங்கையால் தொட்டுப் பார்த்து வர ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு டிவிஷனில் படுத்திருப்பவர்களை எல்லாம் பார்த்துவிடலாம்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். பிள்ளைக் காம்பராவை நினைத்துப் பாருங்கள். தாய் கொழுந்துக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காகத் தோட்டமே கட்டிடம் போட்டு, ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தது. இன்று பயிற்சி பெற்ற பிள்ளைப் பராமரிப்பு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துச் சுகாதாரமும் தோட்ட உரிமையாளர்களின் தயவால் வந்ததில்லை. 1872இலும் 1912இலும் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் போட்டுத்தான் டிஸ்பென்சரியும் மருந்தும் கட்டாயமாக்கப்பட்டன. மருமகளை மலைக்கு அனுப்பக் குழந்தைக்கு ஆயா தேவை என்றால் மாமியாருக்கும் ஆயா தேவை. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சிகிச்சை தொடங்கிய வைத்தியர்கள் சில வருடங்களில் அதை ஊர்த் தொண்டர்கள் கையில் கொடுத்தார்கள். சாதாரணக் குடும்பத்துப் பெண்களும் மாணவர்களும் பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுகிறார்கள், தாதி பின்னால் வருகிறார். 2008இல் மாநில அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. அவர்களும் நம்மைப் போல மலையும் மழையும் உள்ள ஊர்க்காரர்கள்தான்.

சங்கத் தலைவர்கள் முன் வரிசையில் இருக்கிறீர்கள். சம்பளப் பேச்சுக்கு அடுத்த தடவை போகும்போது ஒரு டிவிஷனுக்கு இரண்டு பெண்கள், அவர்களுக்கு முழு நாட்சம்பளம், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் மூலம் ஒரு மாதப் பயிற்சி என்று கேளுங்கள். கம்பெனி மறுத்தால் பிரதேச சபையிடமும் மாகாண சபையிடமும் கேளுங்கள். கோவில் கமிட்டிக்காரர்களே, இந்த வருடத் திருவிழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி ஐந்து ஃபோம் மெத்தை வாங்கிப் பொதுவில் வையுங்கள். தேவைப்படுகிற வீட்டுக்கு இரவல் கொடுத்து, தேவை முடிந்ததும் கழுவி வெயிலில் காயவைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். ரெக்சின் உறை போட்டதாக வாங்குங்கள், அப்போதுதான் கழுவ முடியும்.

தாய்மாரே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் போர்வையை விலக்கி அப்பாயியின் இரண்டு குதிகாலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒளிக்காமல் நாளைக்கே கிளினிக் கொப்பியோடு தாதியிடம் போய்ச் சொல்லுங்கள்.